ஆயுத பூஜை ஒழிப்புக் கூட்டம்

24 செப்டம்பர் 1998, வியாழன்

காலையிலிருந்து தூறல். பட்டறைக்கு லீவு. அச்சகத்தில் நோட்டீஸ் வாங்கி, காலனிச் சங்கத்தின் செக்ரட்டரி என்ற முறையில் கதவு கதவாக நானே செருகினேன். விளக்குக் கம்பங்களில் நானே பசை தடவி ஒட்டினேன். பத்து மணிக்குள் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. பால் பூத் கம்பத்தருகே தள்ளி நின்று அழகு பார்த்தபோதுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

‘ஆயுத பூஜை ஒழிப்புக் கூட்டம். ஞாயிறு மாலை 5 மணி, காலனி மன்றம். குடும்பத்துடன் வருக. சுண்டல் உண்டு.’

நான் எழுதிக் கொடுத்தது இரண்டு சமாசாரம். ஒன்று, அடுத்த புதன்கிழமை காலனி ஆயுத பூஜை. இரண்டு, இந்த ஞாயிறு என் மகள் ஹேமா கல்லூரித் தோழிகளோடு நடத்தும் அணு ஆயுத ஒழிப்பு சர்வமதக் கூட்டம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, நடுவில் அடித்து, அம்புக்குறி போட்டு மேலே கீழே மாற்றியிருந்தேன். அச்சுக் கோத்தவர் அம்புக்குறியை நம்பிவிட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ப்ரூப்பைப் படிக்காமலே ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. தமிழில் 38 மார்க். இன்றைக்கு அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

கிழிக்கப் பார்த்தேன். நல்ல பசை. வரவில்லை.

25 வெள்ளி

வெயில். புழுக்கம். ஆறரைக்கே வாசலில் ஏகாம்பரம் அண்ணன். இந்தக் காலனி நிற்கிற நிலம் அவர் அப்பா உழுதது. இப்போது அவருக்கு இரண்டு தண்ணீர் லாரி. சங்கத் தலைவர். மன்றத்துச் சாவி அவர் இடுப்பில்.

“இன்னா செக்ரட்டரி சார், பூஜைய ஒயிக்கப் போறியாமே? என் லாரிக்குப் போட்ட மாலைய நீ வந்து அவுப்பியா?”

“அண்ணே, அச்சுப் பிழை. அணு ஆயுதம்ணே. அணு.”

“அணுன்னா?”

“குண்டு.”

“நம்ம நாட்டு குண்டா?” முகம் இன்னும் கறுத்தது. “அதுவும் ஆயுதந்தான் சார். அதுக்கும் சேத்துதான் பூஜை. சாமி கையிலயே ஆயுதம் கீது. அத்த ஒயி, இத்த ஒயின்னு பேசிக்கினு. ஞாயித்துக்கெயம மன்றம் தொறக்க மாட்டேன், போ.”

பிழையைத் திருத்தி நிலைமையை இன்னும் கெடுத்த செக்ரட்டரி உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

ஹேமாவிடம் சொன்னேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. “ரெண்டு மாசம் அலைஞ்சோம்ப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மூன்று மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு டில்லிக்கு மனு அனுப்ப வேண்டும் என்பது அவள் திட்டம். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும். நம் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். “பொது எடத்துல உக்காரணும். அதான்ப்பா விஷயமே” என்று பதில்.

மனைவி, தோசை திருப்பிக்கொண்டே: “ஒரே ஒரு அணுவ விட்டீங்க. வீடே வெடிச்சுப் போச்சு.”

26 சனி

செய்ய வேண்டியவை:
ஏகாம்பரம் காலில் விழுவது. (பேச்சுக்கு. தேவைப்பட்டால் நிஜமாக.)
கடலை ஊறவைப்பது. நம்பிக்கைதானே எல்லாம்.
மூக்குக் கண்ணாடிக்கு உடைந்த காது மாற்றுவது.

மூன்றாவது நடக்கவில்லை. மாலை டெய்லர் காதர் பாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போனேன். நாளைக்குப் பேசுகிறவர்களில் அவரும் ஒருவர். ஏ. அண்ணன் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் செருப்போடுதான் பேசினோம்.

“பாய், நீயுமா இதுல?”

“நானுந்தாண்ணே. காஜா எடுக்கற வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்.”

நெடுநேரம் ஸ்பேனர் சத்தம். பிறகு உள்ளிருந்து குரல்: “செரி. நாளைக்கு மன்றம் தொறக்கறேன். சார் மொதல்ல மைக்குல நின்னு, பூஜைக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு சனங்க கைல சொல்லட்டும். சனங்க ஒத்துக்கினா உங்க கூட்டம். இல்லேன்னா சுண்டலத் துன்னுட்டு கெளம்பிடணும்.”

மைக். நான். கடைசியாக மேடையேறியது என் கல்யாணத்துக்கு. அன்றும் பேசவில்லை.

ஹேமா கதவு திறந்தாள். நான் பேச ஒரு சீட்டு எழுதித் தந்தாள், இரண்டு பக்கம். “பிழை இல்லாம படிங்கப்பா, போதும்.”

27 ஞாயிறு

எங்கே தொடங்குவது.

நாற்காலி எழுபது. போதவில்லை. சுவரோரம், வாசலில், லாரியின் பம்பர் மேல்கூட ஆட்கள். அணு ஆயுத ஒழிப்பு என்று சரியாக அச்சடித்திருந்தால் பதினைந்து பேர் வந்திருப்பார்கள், அதில் நாங்கள் ஆறு பேர். பூஜையை ஒழிக்கிறான் என்றதும் ஊரே வந்துவிட்டது. சண்டைக்கு வந்தாலும் குடும்பத்துடன்.

மேடையேறினேன். சீட்டு கையில். கண்ணாடி, ஒரு காது இல்லாமல், வீட்டில். எழுத்தெல்லாம் எறும்பு. முன்வரிசையில் ஹேமா உதட்டைக் கடித்துக்கொண்டு. மைக் ஒரு முறை ஊளையிட்டது. நானும் கிட்டத்தட்ட.

சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தெரிந்ததைச் சொன்னேன்.

“நான் லேத்துல வேலை செய்யறவன். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு நிறுத்திருவோம். அன்னிக்கு முதலாளியே வந்து அவசரம்னு நின்னாலும் தொடமாட்டோம். ஆயுதத்தைக் கீழ வைக்கிற நாளுக்குத்தாங்க ஆயுத பூஜைன்னு பேரு.”

யாரும் கத்தவில்லை. தைரியம் வந்தது.

“மறுநாள் விஜயதசமி. எடுத்து முதல் வேலை செய்யணும். நான் ஒரு பித்தளைத் துண்டு கடைவேன். அக்காங்க அரிவாள்மணையில ஒரு காய் நறுக்குவாங்க. குழந்தைங்க ஒரு எழுத்து எழுதும். குண்டுக்கும் பொட்டு வைக்கலாம்னு அண்ணன் சொன்னாரு. வைப்போம். மறுநாள் அதை எடுத்து முதல் வேலை என்ன செய்யறது?”

அப்போது ஏ. அண்ணன் எழுந்தார். “அப்போ என் லாரி? பொட்டு வெச்சி, அன்னிக்கே எலுமிச்சம்பயத்து மேல ஏத்தி ஓட்டறேனே. கீயயா வெக்கிறேன்?”

சிரிப்பு. கைதட்டல், அவருக்கு. நியாயமான கேள்வி. வாய் தானாகத் திறந்தது.

“லாரிக்கு எலுமிச்சம்பழம் போதும்ணே. குண்டுக்கு எந்த ஊரை வைப்பீங்க?”

சிரிப்பு நின்றுபோயிற்று. தாம்பரம் விமான தளத்திலிருந்து கிளம்பின பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போகிற சத்தம் மட்டும். ஒரு குழந்தை, “சுண்டல் எப்பம்மா?” ஏ. அண்ணன் மெதுவாக, யாரிடமோ சொல்வது போல:

“எந்த ஊர வெச்சாலும் அங்க ஒரு தண்ணி லாரிக்காரன் இருப்பான், இல்ல?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது ஹேமாவின் கூட்டம்.

காதர் பாய்: “எங்க மார்க்கத்துல சண்டைன்னு வந்தாக்கூட பொம்பளைங்க, குழந்தைங்க, காய்க்கிற மரம், இதையெல்லாம் தொடக்கூடாது. குண்டு என்ன, மரத்தைப் பாத்து ஒதுங்கிப் போகுமா?” பள்ளிக்கூட ஸ்டெல்லா டீச்சர்: “எதிரிக்காக ஜெபம் பண்ணணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு. குண்டைப் போட்டுட்டா யாருக்காகப் பண்றது? எதிரியும் இருக்க மாட்டான், நாமளும் இருக்க மாட்டோம்.” டீச்சர் வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார். பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஹேமா மனுவைப் படித்தாள். எல்லா நாடும் இதைக் கீழே வைக்க வேண்டும், நம் நாடு முன்னால் நின்று மற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்று.

ஏ. அண்ணன் குறுக்கிட்டார்: “இரு பாப்பா. எல்லா நாடுமா? நம்ம மட்டும் இல்லியே?”

“எல்லாரும் அங்கிள்.”

“அத்த நோட்டீஸ்ல போட்டுருக்கலாம்ல சார்?” என்று என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. பேனாவைப் பிடுங்கி முதல் கையெழுத்து. மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, இனிஷியலோடு.

மொத்தம் 183. சிலர் போடவில்லை. எதிர்வீட்டு பாங்க் சார் “யோசிக்கணும்” என்றார். யோசிக்கட்டும். ஆனால் சுண்டல் தீரும்வரை போகாமல் இருந்து, ஹேமாவோடு வாதாடினார். எனக்கு அதுவும் வெற்றிக் கணக்குதான்.

ஜெயித்துவிட்டோம். திரும்ப ஒரு முறை எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம்!

மனைவி: “கண்ணாடி இல்லாமலே நல்லாப் பேசறீங்க. இனிமே போடாதீங்க.”

28 திங்கள்

இராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. அரை நாள் லீவு. ஹேமாவோடு தாம்பரம் தபால் ஆபீஸ். ரிஜிஸ்தர் தபால், அக்நாலெட்ஜ்மென்ட் உண்டு. உறையின் மேல் விலாசத்தை அவள் நாலு தடவை சரிபார்த்தாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்க விடவில்லை.

வழியில் பால் பூத்தில் இரண்டு பேர். “அதோ போறாரு பாரு, எலுமிச்சம்பழம்.” பட்டப்பெயர் வாங்குகிற அளவுக்குப் பெரிய மனிதன் ஆகிவிட்டேன். சட்டைக் காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

க்யூவில் நிற்கும்போது ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுக்கு மேல் பிடித்ததாக ஞாபகம் இல்லை.

“அப்பா, மே மாசம் ராஜஸ்தான்ல அணுகுண்டு வெடிச்சாங்களே, அப்பவே உங்களுக்கு இப்படித்தான் தோணிச்சா? ஏன் வீட்ல ஒரு வார்த்தைகூட சொல்லல?”

“க்யூ நகருது பார். போ, போ” என்றேன்.

சொல்லாதது: அன்று பட்டறை வாசலில் ஆயிரம்வாலாவுக்குத் திரி கிள்ளிப் பற்றவைத்தது நான். லட்டு இரண்டு தின்று, மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டி.வி.யில் அந்தச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அவள் வாடிய முகத்தைப் பார்த்ததும், ஃபோர்மன் பேரனுக்குப் பிறந்தநாள் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன். நல்லா இருக்குப்பா என்றாள்.