மூடியும் மூடாத போனட்

வடக்கனந்தல்,
21.1.2021

அன்புள்ள தம்பி தமிழரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம், காருக்குத்தான் ஒரு மாதமாக உடம்பு சரியில்லாமல் இருந்து முந்தாநாள் தேறியது. பஹ்ரைனில் நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, முகக்கவசத்தைத் தாடைக்குப் போடாமல் மூக்குக்குப் போடுகிறாயா என்று எழுது. கையில் போன் இருக்க இவள் ஏன் காகிதம் தேடுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். வளர்மதியைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்னதற்கு, உன்னோடு இனிப் பேச்சே இல்லை என்று எட்டு மாதத்துக்கு முன்னால் சொன்னவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு என் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை உரித்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார். நீ வைத்த பிறகு, இருமினானே, கஷாயம் குடிக்கச் சொன்னியா என்று என்னை அதட்டுகிறார். இப்படிப்பட்ட மனுஷரைப் பற்றியே ஒரு சேதியை அந்த ஸ்பீக்கரில் எப்படிச் சொல்வது. அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் பதிவேடு எழுதின கை, எழுத்தைக் குறை சொல்லமாட்டாய்.

தனி இட ஒதுக்கீடு கேட்டு நம் சாதிச் சங்கத்தார் ஊர் ஊராக மனு கொடுக்கும் போராட்டம் நடத்துவது உனக்குத் தெரியும். நம் ஊர்ப் பொறுப்பை உன் அப்பா தலையில் கட்டினார்கள், தலையும் ஆசையாகத்தான் நீண்டது. பொறுப்பாளர் கார் என்றால் முன்னால் கொடி பறக்க வேண்டுமாம். கொடிக்கம்பியை வாங்கி வந்து, கடைக்காரர் பொருத்தித் தருகிறேன் என்றும் கேட்காமல், எதிர்வீட்டுச் சின்னராசு மாமாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தானே துளைபோட்டு, போனட் வாய்க்குக் கீழே நீளமாக இரண்டு திருகாணி வைத்து முடுக்கினார். கம்பி ஆடினால் கௌரவக் குறைச்சல் இல்லையா, அதற்காக நீளத் திருகாணி. மூன்றாம் நாள் டேஷ்போர்டில் கார் வாயைப் பிளந்தது போல ஒரு படம் சிவப்பாக எரிந்து கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. போனட் திறந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம். இறங்கிப் பார்த்தால் நன்றாக மூடித்தான் இருக்கிறது. உன் அப்பா திறந்து மறுபடி சாத்துவார், படம் அணையும், இரண்டு தெரு தாண்டினால் மறுபடி எரியும். சின்னராசு மாமா சாத்தினால், வூட்டு கதவ சாத்தற மாதிரி சாத்தாதய்யா, அறைஞ்சி சாத்து என்று இவர் கூச்சல் போடுவார். அறைந்து அறைந்து போனட்டில் ஒரு பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். அப்புறம் மாட்டுக் கயிற்றால் கட்டிப் பார்த்தார். மூடியிருக்கிற ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டினவர் நம் ஜில்லாவிலேயே அவர் ஒருத்தர்தான். எலி கடித்திருக்கும் என்றார், திருஷ்டி என்றார், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துத் தொங்கவிட்டார், தன் திருகாணியை மட்டும் சந்தேகப்படவில்லை.

வி.ஏ.ஓ. ஆபீசில் மனு கொடுத்த அன்று நடந்ததைக் கேள். காரைப் பூட்டி வாசலில் நிறுத்திவிட்டு இருநூறு பேருக்கு முன்னால் உன் அப்பா மனுவை வாசிக்கிறார். ஒரு காற்று வந்தது, கொடி படபடத்தது, கார் வீல் வீலென்று அலற ஆரம்பித்துவிட்டது. ரிமோட்டை அமுக்கி அடக்கிவிட்டு மறுபடி பூட்டி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி காற்று, மறுபடி அலறல். நாலாவது தடவை காவலுக்கு வந்திருந்த போலீஸ்காரர், இன்னாங்க, காரும் கோஷம் போடுது, அதும் பேரையும் மனுவுல சேத்துக்குங்க என்று சொல்லிவிட்டார். கூட்டமே சிரித்தது. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, வீட்டுக்கு வந்து மோரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

மறுநாள் தியாகதுருகத்தில் கண்ணாயிரம் கடைக்குக் கொண்டுபோனார். அவர் டைனமோ காலத்து எலக்ட்ரீசியன், கைராசிக்காரர்தான், ஆனால் சென்சார் என்றாலே அவருக்குக் கொஞ்சம் கோபம் வரும். போனட் லாக்கில் இருக்கிற சென்சார் போய்விட்டது, லாக்கோடு மாற்ற வேண்டும் என்றார். சென்னையிலிருந்து புது லாக் வந்து பூட்டியும் அந்த வாய் பிளந்த படம் அணையவில்லை. அப்படின்னா காரோட கம்ப்யூட்டரே போயிடுச்சி என்று அவர் சொல்ல, காருக்கு இன்னாத்துக்குய்யா கம்ப்யூட்டரு, அது இன்னா பரீட்சையா எழுதப்போவுது என்று இவர் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது, திட்டாமல் படி. வளர்மதியின் அப்பா தர்மன் மாசி வரைக்கும்தான் பொறுப்பார், அதற்கு மேல் அவளை முறை மாப்பிள்ளைக்கே மலையில் பேசி முடித்துவிடுவார் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவிடம் எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே பாட்டுத்தான். மலைக்காரங்களுக்கு எஸ்.டி. சர்டிபிகேட்டு இருக்குது, நோவாம படிப்பு வந்துடும் வேல வந்துடும், அந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு என்பார். அடுத்த நாள் காலையில் அதே வாயால் நமக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுக் கோஷம் போடப் போவார். நாம் கேட்டால் உரிமை, அவர்கள் வாங்கினால் சலுகை. நீ அனுப்பின அவள் போட்டோவைக் காட்டியபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போனவர் இவர். சரி, அவருக்கு அவள் முகம்தான் தெரியாதே, அவள் மெக்கானிக்காக இருக்கிற இடத்தில் வேலையையாவது பார்க்கட்டும் என்று, கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் நன்றாகப் பார்க்கிறார்களாம், போய்ப் பார்ப்போமா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிறவர் அன்று பேசாமல் கிளம்பினார். கல்யாண வீட்டுக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். போராட்டத்தில் சேர்ந்ததிலிருந்து இந்த மினுக்கு கொஞ்சம் ஜாஸ்தி என்று விட்டுவிட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் அவளேதான் வந்தாள். நீலச் சட்டை, பாதி முகத்துக்கு முகக்கவசம், கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும், நீ காட்டின போட்டோவில் பார்த்திருப்பாள் போல, அந்தக் கண் ஒரு நொடி திகைத்தது, நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். உன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் கூடவே நின்றார். லாக்கு புதுசு, அதுல கை வெக்காத, கம்ப்யூட்டர பாரு என்று ஆரம்பித்தார். மாத்தறது கடைசி வேலைங்க சார், மொதல்ல எங்க அறுந்திருக்குதுன்னு பாப்போம் என்றாள். ஒரு சின்னப் பெட்டியைச் செருகிப் பார்த்து, கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, லாக்கில் இருக்கிற போனட் சுவிட்சின் சர்க்யூட்டில்தான் கோளாறு என்று அதுவே சொல்கிறது என்று காட்டினாள். லாக்கிலிருந்து ஒயர் முனையைக் கழற்றி, மீட்டரை வைத்து, ஸ்குரூ டிரைவரால் லாக்கை அமுக்கினாள். அமுக்கினால் மீட்டர் பீப் என்றது, விட்டால் நின்றது. சுவிட்சு நல்லாருக்குதுங்க, பழைய லாக்கும் நல்லாதான் இருந்திருக்கும் என்றாள். உன் அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் வண்டிப் பக்கத்து ஒயரில் இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தாள். அப்படிச் சேர்த்தால் போனட் மூடியிருக்கிறது என்று கார் நம்பி விளக்கை அணைக்க வேண்டுமாம். அணையவில்லை. அப்படியானால் சுவிட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, முன்பக்கத்தைக் கழற்றி ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். உன் அப்பா சும்மா நிற்காமல், நம் போராட்டம் எதற்காக என்று அவளுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். இதெல்லாம் உனுக்கு வெளங்காதும்மா, உங்களுக்கெல்லாம் வாசல்லயே கெடைக்குது என்று வேறு சொல்லிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல், மனு குடுக்கறது எனக்கும் தெரியும்ங்க, சாதி சர்டிபிகேட்டுக்காக எங்கப்பா மலையிலேருந்து எறங்கி ஒம்போது தபா குடுத்தாரு, பத்தாவது தபா வந்துது, அதுக்குள்ள எனுக்குப் படிப்புல ஒரு வருஷம் போயிடுச்சி, நீங்க அசராம குடுங்க என்றாள். அதில் குத்தல் இல்லை, தம்பி. நிஜமாகத்தான் சொன்னாள். உன் அப்பா பக்கத்தில் கிடந்த டார்ச்சை எடுத்து, அவள் கேட்காமலே வெளிச்சம் பிடித்தார்.

அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது. கொடிக்கம்பியின் நீளத் திருகாணி உள்ளே புகுந்து, ஒயர் மேல் இருக்கிற கறுப்பு உறையைக் கிழித்து, ஒரு ஒயரைத் துண்டாக்கியிருந்தது. போனட்டை அறைந்து சாத்தினால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், கார் குலுங்கினாலோ கொடி ஆடினாலோ பிரிந்துவிடும், பிரிந்தால் போனட்டை யாரோ திறக்கிறான் என்று கார் ஊரைக் கூட்டும். சின்னராசு மாமாவையும் எலியையும் கண்ணாயிரத்தையும் திட்டினவர் தன் திருகாணியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. முனைகளைச் சுரண்டி ஈயம் வைத்து ஒட்டி, மேலே உறை போட்டுச் சூடு காட்டி, ஒயரை அந்தப் பக்கமே போகாமல் தள்ளிக் கட்டினாள். போனட்டை இருபது தடவை மூடித் திறந்து, ஆட்டிப் பார்த்து, பூட்டிப் பார்த்தாள், சத்தம் இல்லை. கொடிக்கம்பியைத் தூக்கிப் போட்டுவிடு என்று உன் அப்பா தானே சொன்னார். அவள் கேட்கவில்லை, எடுத்த காரியம் முடியாம கொடிய எறக்கக் கூடாதுங்க என்று சொல்லி, ஒயர் ஓடாத பம்பர் ஓரத்தில் குட்டைத் திருகாணி வைத்துப் பொருத்திக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, நல்லா வேல தெரிஞ்ச பொண்ணு, எந்த ஊரோ பாவம் என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஊர் எல்லை வந்ததும் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். நீ நடிக்காத என்றார். தெனம் நீ குளிக்கப் போவும்போது உன் போனுல அந்தப் போட்டோவத்தான் பாத்துக்கினு கெடக்கறேன், கண்ணு மட்டும் தெரிஞ்சா எனுக்கு அடையாளம் தெரியாதா என்றார். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, மூணு மணி நேரம் கூடவே நின்னேன், டார்ச்சு புடிச்சேன், சார் சார்னே கூப்புட்டுக்கினு இருந்துச்சி, ஒரு தபா மாமான்னு கூப்புட்டா வாயா வலிச்சிடும் என்றார். நான் அழுதுவிட்டேன் தம்பி, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் மாசி மாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வயலுக்குப் போனார். இன்றைக்குக் காலையில் தர்மன் அண்ணன் இருக்கிற வெள்ளிமலைக்கு ரோடு எப்படி இருக்கிறது என்று சின்னராசு மாமாவை விசாரித்தாராம், மாமா வந்து என்னிடம் சொன்னார். நீ தர்மன் அண்ணனுக்கு உடனே சொல்லியனுப்பு, அவசரப்பட வேண்டாம் என்று. ஐப்பசியில் நான் மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் என் குறையைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்ததையும் உன்னிடம் மறைத்தேன். உன் அப்பா பேரும் கொளஞ்சியப்பன், சாமி பேரும் அதுவே, எந்தப் பக்கம் தீர்ப்பு சொல்லுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. இனி அதை வாபஸ் வாங்கப் போக வேண்டும். ஏ.சி.க்கு நேராகப் படுக்காதே, கஷாயம் குடி. சாமி உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், விமானம் பழையபடி விட்டதும் நல்லபடியாக வந்து சேர். ஒன்றை மட்டும் மறக்காதே, இன்றைக்கே வளர்மதிக்குப் போன் போட்டு, காரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி உன் அப்பாவைக் கூப்பிடச் சொல். ஸ்பீக்கரில்தான் இருக்கும், முதல் வார்த்தையே மாமா என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கொ. பெரியநாயகி