வோரோனேஷ் அக்கா

2006 பிப்ரவரி, வியாழன் இரவு. கராமா, துபாய்.

காலையில் ரஷ்யாவிலிருந்து என் மகள் நித்யாவின் தோழி போன் செய்தாள். குர்ஸ்க் நகரில் மருத்துவம் படிக்கும் நித்யாவுக்குக் குடல்வால் வீங்கி, உடனே ஆபரேஷனாம். தோழிகளுக்குப் பரீட்சை. துணைக்கு ஆளில்லை. எங்களுக்கு விசா வர நாளாகும். என் மனைவி மாலதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கார்கோ ஆபீசில் பக்கத்து மேஜை லாரிசா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். அவள் வோரோனேஷ்காரி. அங்கே தன் அக்கா இருக்கிறாள், குர்ஸ்க் பஸ்ஸில் போகிற தூரம்தான் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். முன்பின் பார்த்திராத பெண்ணுக்காக அந்த அக்கா பனியில் பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் நித்யாவே பேசினாள். குரல் ஈனமாக இருந்தது.

"அப்பா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சப்ப ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

மாலதி போனை வாங்கி, அந்த அக்காவிடம் தமிழிலேயே கடகடவென்று பேசினாள். அழுதாள்.

"அவங்களுக்கு என்ன புரியும்?" என்றேன்.

"புள்ளைய உங்க கையில குடுத்திருக்கேன்னு சொன்னேன். 'தா, தா'ன்னாங்க. வேற என்ன புரியணும்?"

ரஷ்ய மொழியில் 'தா' என்றால் 'ஆமாம்'. லாரிசா நாளெல்லாம் போனில் சொல்வதுதான். நான் மாலதியைத் திருத்தவில்லை.

நாளை வெள்ளி, வார லீவு. லாரிசாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். காரம் தாங்குவாளோ என்னவோ. தூக்கம் வருகிறது.