கரை நாடா வீசும் இடத்தில்

என் வள்ளிக் கண்ணுக்கு,

உன் காரியம் முடிந்த மறுநாளே தறியில் உட்காரச் சொல்லிவிட்டார் முதலாளி. நாம் பாதியில் விட்ட அதே அரக்குப் புடவைதான். தை முகூர்த்தத்துக்குக் கேட்கிறார்கள். யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், அவளைக் குறை சொல்ல முடியுமா?

கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் உடலுக்கு ஊடை நூல் சுற்றிய நாடாக் கட்டையை வீச, நீ பக்கத்தில் இருந்து கரைக்கு வீசுவாய். கடையில் விற்பனை வேலைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று வகுப்புக்குப் போனாயே, அந்தப் பாடமெல்லாம் எனக்கும் தறியில்தான் நடந்தது. 'டேக்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என்ன பாடு படுத்தினாய்! நாடாவோடு நீ ஒரு வாக்கியம் அனுப்புவாய், நான் தமிழில் திருப்ப வேண்டும். டேக் எ பஸ் என்றால் பஸ் ஏறு. டேக் எ டேப்லட், மாத்திரை போடு. டேக் எ சீட், குந்து. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும்போல என்று சிரிப்பாய்.

ஆஸ்பத்திரியிலும் நீ விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "டேக் மீ ஹோம்க்கா" என்றாய்.

"வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்மா" என்றேன்.

மறுநாள் இட்டுக்கொண்டுதான் வந்தேன், ஆம்புலன்ஸில், முகத்தை மூடி. எந்தச் சாமி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது, வள்ளி? இந்த ஊரில் இத்தனை கோயில் இருந்து என்ன?

உன் இடத்தில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். நெய்யத் தெரிந்தவள், நல்லவள். ஆனால் கை இறுக்கம். உன் கரை முடிந்து அவள் கரை தொடங்கிய இடம் என் கண்ணைக் குத்தியது. அவள் நெய்த விரற்கடையைப் பிரித்தேன். அவளை நான் உட்காரும் பலகைக்கு மாற்றிவிட்டு உன் பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

"மெயின் ஆளு ஓரத்துல குந்தினா எப்பிடிமா?" என்றார் முதலாளி. நான் எழுந்திருக்கவில்லை. உன் கை எப்படி இழுக்கும் என்று எனக்குத்தானே தெரியும்.

நேற்று நாடா வீசும்போது வாய் தானாக 'டேக் எ சீட்' என்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் நீ இல்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது. அழக்கூட முடியவில்லை, பட்டில் கண்ணீர் பட்டால் கறையாகும்.

இந்தப் புடவையைத் தறியிலிருந்து அறுக்கிறவரை உன் கரையை வேறு கை தொடாது, சத்தியம். அதற்கு அப்புறம் நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

உடன்பிறக்காத உன் அக்கா,
சரோஜா