இருபத்துமூன்றாம் தகடு

ஓகஸ்ட் 30, 1967

இன்று ஐம்பத்திரண்டு தகடு. எல்லாம் இல்லை.

பதினான்கு மாதமாக இதே சொல்லைத்தான் எழுதுகிறேன். கம்பளை, கலஹா, கெலிஓயா என்று எங்கெங்கோ இருப்பவர்களின் விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம், கண்ணாடித் தகட்டில் காய்ந்து கண்டியில் என் மேசைக்கு வரும். நுணுக்குக்காட்டியில் தகட்டுக்கு நூறு புலம் பார்க்க வேண்டும். ஒரு புலம் என்பது ஒரு வட்டம். தகட்டை இம்மியளவு நகர்த்தினால் அடுத்தது. மலேரியாக் கிருமி உண்டா? இல்லை.

நாட்டை விட்டே போன வியாதியை இன்னும் ஏன் தேடுகிறோம் என்று ஆய்வுகூடப் பெரியவர் நவரட்ணராஜாவிடம் கேட்டேன். "இல்லையெண்டு எழுதத்தான் தம்பி எங்களுக்குச் சம்பளம்" என்றார்.

இதற்கா படித்தேன்?

செப்டெம்பர் 1

அறைத்தோழன் விவேகானந்தன் என்னைக் கேளாமலே வாசகசாலை விவாதத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். விஞ்ஞானம் மனிதனின் வசதிக்கா, அதைவிடப் பெரிய நோக்கத்துக்கா? நான் பெரிய நோக்கத்தின் பக்கம். "உன்ர வாய்க்கு அதுதான் சரி" என்கிறான்.

செப்டெம்பர் 2

கலஹாப் பெட்டியில் முப்பத்தெட்டுத் தகடு இருந்தது. ஆறைப் பார்த்தேன். விவாதப் பேச்சு பாதியில் கிடந்தது. மிச்சம் முப்பத்திரண்டுக்கும் இடாப்பில் வரிசையாக 'இல்லை' போட்டுவிட்டு மூன்று மணிக்கே எழும்பி வந்தேன்.

பதினான்கு மாதம் இல்லாதது இன்றைக்கா இருக்கப்போகிறது?

செப்டெம்பர் 4, போயா விடுமுறை

வென்றேன். "நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பவன் தன் வசதியை மறந்தவன்" என்றபோது மண்டபம் கைதட்டியது. எனக்கு மட்டும் காது சுட்டது.

செப்டெம்பர் 23

தனபாலன் வந்தார். கலஹாத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி ஏறி இரத்தம் எடுப்பவர்.

"சார், அந்த வேலாயிப் பொண்ணுக்கு ஒருநா விட்டு ஒருநா குளிரு தூக்கித் தூக்கிப் போடுது. கதிர்காமம் போய்ட்டு வந்ததிலருந்து இப்புடித்தான். வயித்துல ஆறு மாசம் வேற. தோட்டத்து டாக்டரய்யா சாதாரணக் காய்ச்சல்னு பவுடர் குடுக்குறாரு. நம்ம காயிதத்துலயும் இல்லேன்னுதானே இருக்கு?"

நான் இடாப்பைப் புரட்டினேன்.

"நீங்க பாத்ததுதானே சார்? அப்ப வேற என்னமோதான்."

அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும் பெட்டியைத் திறந்தேன். பார்த்து முடிந்த தகடுகளை மாதக் கடைசியில் சிற்றூழியர் நல்லம்மா சவர்க்காரத் தண்ணீரில் கழுவிவிடுவார். பிறகு அவை வேறு ஆளின் இரத்தத்துக்குப் போகும். இன்னும் கழுவவில்லை. வேலாயியின் தகடு இருபத்துமூன்றாவது.

பதினோராவது புலத்தில் கிருமி இருந்தது. நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்திலே இன்னொன்று.

மருந்து அலுமாரி எனக்குப் பின்னால்தான். இண்டைக்கே கொண்டுபோங்கோ என்று கொடுத்திருக்கலாம். கொடுத்தால், மூன்று கிழமைக்கு முன்னம் ஏன் காணவில்லை என்று கேட்பார்கள். அதனால், "சந்தேகமெண்டால் புதுசா ஒரு தகடு எடுத்துவாங்கோ" என்று அனுப்பினேன். புதிய தகட்டில் கண்டுபிடித்தால் என் பெயர் சுத்தம்.

நாளை எடுப்பார். நாளன்றைக்கும் அதற்கடுத்த நாளும் போயா விடுமுறை. 27இல் கைக்கு வரும். நாலு நாள்தானே.

நாலு நாள்தானே என்று எழுதிய கை என்னுடையதுதானா?

செப்டெம்பர் 25

இன்று அவளுக்குக் குளிர் வரும் நாளா, விடும் நாளா? விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

செப்டெம்பர் 27

புதிய தகட்டில் தேடவே தேவையிருக்கவில்லை. முதலாம் புலத்திலேயே. மருந்தை எடுத்துத் தனபாலனின் கையில் வைத்தேன்.

"குடுக்குறேன் சார். ஆனா வயித்துப் புள்ள தங்கல. நேத்துக் காலையில."

காய்ச்சலால்தான் போனதா? இந்த நாலு நாளாலா, முதல் மூன்று கிழமையாலா? எந்த வைத்தியரும் நிச்சயமாகச் சொல்லமாட்டார். தெரியாது என்பதும் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. வசதி — மேடையில் அந்தச் சொல்லை எத்தனை தரம் திட்டினேன்!

சாப்பிடவில்லை. என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்?

செப்டெம்பர் 29

நேற்று அந்த முப்பத்திரண்டையும் நூறு நூறு புலமாகப் பார்த்து முடித்தேன். வேறொன்றிலும் இல்லை. இருபத்துமூன்றில் மட்டும்தான்.

இன்று பெரியவரிடம் முழுவதையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாளைக்கு நல்லம்மா கழுவிப்போடுவா. பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. நீர் ஏன் கிளறுறீர்?"

"எனக்குத் தெரியும் சேர்."

"கொழும்புக்கு எழுதினால் உம்மட பதவி உயர்வு போம். உம்மை நம்பி நானும் கீழ கையெழுத்து வைச்சனான், விளங்குதோ?"

விளங்கியது. கொழும்புக்கு எழுதினேன். இடாப்பில் 'இல்லை'யை வெட்டி, 'பார்க்கவில்லை' என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஒக்டோபர் 10, போயா

பேராதனையில் பஸ் ஏறிக் கலஹாவுக்குப் போனேன். தனபாலன் லயத்துக்குக் கூட்டிப்போனார். வேலாயி வாசலில் சுவரில் சாய்ந்து இருந்தாள். என்னைவிட வயது குறைவு. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"உங்கட ரத்தத்தை நான் பாக்கேல்லை. பாக்காமல் இல்லையெண்டு எழுதினனான்."

அவளுடைய புருஷன் அழகமுத்து எழுந்தார். "இத சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிரலாம்னு வந்தீங்களா?"

அதற்காகத்தான் வந்திருந்தேன்.

வேலாயிதான் பேசினாள். "ஊசி குத்துறப்ப தனபாலண்ணன்கிட்ட கேட்டேங்க, இத ஆரு பாப்பாங்கன்னு. கண்டியில படிச்ச சார் ஒருத்தரு ஒக்காந்து பாப்பாருன்னாரு. குளிருல கெடக்கயில அதத்தான் நெனச்சுக்கிட்டேன். அவரு பாத்துட்டாரு, ஒண்ணும் இருக்காதுன்னு."

மருந்து முடிந்ததால் தனபாலன் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அவள் விரலை அவரிடம் நீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ பாப்பீங்களா?"

ஒக்டோபர் 12

கொழும்பிலிருந்து கடிதம். இரண்டு வருடத்துக்குப் பதவி உயர்வு இல்லை. பெரியவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கம்பளையில் அதே தலைப்பில் விவாதமாம். "வெண்டனீயெல்லோ, வாவன்ரா" என்றான் விவேகானந்தன். வேலை கிடக்கு என்றேன்.

இன்று நாற்பத்தொரு தகடு. ஒன்று வேலாயியுடையது. இருநூறு புலம் பார்த்தேன். இல்லை. எழுதிவிட்டு இன்னும் ஐம்பது பார்த்தேன்.

நல்லம்மா சாவியோடு வந்து நின்றார். "மணி ஆறாகுது சார், பூட்டணும்."

"இன்னும் மூண்டு தகடு இருக்கு" என்றேன்.