உன் இலையில் நான் வைத்த குட்டிக் கோவா

எந்த உலகத்தில் இருந்தாலும் வயிற்றுக்குக் குறை வைக்காத என் ஆசை மச்சான் ராமையாவுக்கு,

நீ போய் ஒரு வருசம் முடிந்துவிட்டது. போன கிழமை உன் திவசம். படையல் எப்படி இருந்தது மச்சான்? நீ பதில் சொல்ல மாட்டாய் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன். நாறியது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

உன் மகன் உனக்கு நினைவு மலர் அடிக்கிறான். அட்டையில் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிறாய். அந்தக் கோட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. "அப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க மாமா" என்று வந்து நின்றான். அஞ்சாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கலாமா? ஆனாலும் எழுதுகிறேன். திவசத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய மலர் இன்னும் அச்சுக்கூடத்தில்தான் கிடக்கிறது. அதனால் நடந்ததையும் சேர்த்து எழுத எனக்கு நேரம் கிடைத்தது. பார், அச்சுக்கூடத்துக்காரன்கூட என் பக்கம்தான்.

முதலில் ஊர்ச் சேதி. ரோடு திறந்துவிட்டார்கள். அலுவிகாரையில் உன் மகன் வீட்டு வாசலில் நின்றால் யாழ்ப்பாணம் போகிற பஸ் போகிறது. சண்டை நின்றிருக்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரர்கள் வேன் வேனாக விகாரை பார்க்க வருகிறார்கள். அவர்கள் தங்குகிற ஓட்டல்களுக்காக மாத்தளை மார்க்கெட்டில் காசிம் நானா ஒரு சாமான் இறக்குகிறார். நுவரெலியாவிலிருந்து வருகிறது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, பச்சை நிறம், இலைக்கு மேல் இலை. முட்டைக்கோசு போட்ட குட்டி மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் நம் பங்களா வெள்ளைக்காரத் தொரசாணி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்லுவாள், நாம் குட்டிக் கோவா என்று சொல்லுவோம்.

இப்போது உனக்கு வேர்த்திருக்குமே?

மற்றவர்களுக்கும் தெரியட்டும். ரத்தோட்டைக்கு மேலே நாம் இருந்த தோட்டத்தை அரசாங்கம் எடுப்பதற்கு முன்னால், கடைசி வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் இருந்த காலம். குசினியில் நானும் நீயும் கையாள். பங்களாவின் தலைமைச் சமையல்காரர், பெரிய அப்பு, வயசாகிப் போய் ஊருக்குக் கிளம்புகிறார். அடுத்த அப்பு யார் என்று தொரசாணி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிறிஸ்மஸ் விருந்துக்கு, சீமையிலிருந்து வந்த விதையைப் போட்டுத் தோட்டத்தில் வளர்த்த குட்டிக் கோவாவைப் பறித்துக் கொடுத்தாள். சமைக்கச் சொன்னது என்னிடம். எனக்கு அதைக் கண்ணால் பார்த்ததே முதல் தடவை. நீ நுவரெலியாவில் ஓட்டலில் இருந்தவன். என் தங்கச்சி பாக்கியத்தைக் கட்டியவன். உன்னிடம் கேட்காமல் நான் யாரிடம் கேட்பேன்?

நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அது கல்லு மாதிரிடா மச்சான். காலையிலயே தண்ணியில போட்டு அடுப்புல வச்சிரு. ஆப்பச்சோடா போடு, பச்சையா இருக்கும். மூடிய மட்டும் தொறந்துறாத, வாசம் போயிரும்."

நான் மூடியைத் திறக்கவில்லை. நல்ல பிள்ளையாக மூடிக்கு மேல் அம்மிக்குழவியையும் தூக்கி வைத்தேன். மேசையில் கொண்டுபோய் வைத்துத்தான் திறந்தேன் மச்சான். தொரசாணி லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினாள். விருந்துக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துத் தொரை குனிந்து மேசைக்கடியில் நாயைத் தேடினார். எங்கள் தொரை என்னைக் கூப்பிட்டு, கக்கூஸ் குழியை யார் திறந்தது என்று கேட்டார். நீ கதவுக்குப் பின்னால் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாய். எனக்காக அழுகிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த நாள், அவிக்காமல் மிச்சம் இருந்த குட்டிக் கோவாவை நீ சமைத்தாய். என்னைக் குசினிக்குள் விடவில்லை. தொரசாணி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாளாம். நீ அப்புவானாய். நான் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

வேலை போனதோடு விட்டாயா? எனக்குப் பெயர் வைத்தாய். குசுக்கோவா. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் கங்காணி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பாட்டாகவே பாடின. நீதான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாய் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. வேலை போனவனுடைய பேச்சை யார் நம்புவார்கள்? என் தங்கச்சியே நம்பவில்லை. "அவரு ஒழுங்காத்தான் சொல்லிருப்பாரு, நீ எதையாச்சும் மறந்திருப்ப அண்ணே" என்றாள். அது அந்த மேசையில் பட்ட அவமானத்தைவிடச் சுட்டது.

இனிச் சிரிப்பில்லாத இடம் ஒன்று இருக்கிறது. தாண்டிப் போக எனக்கு மனசில்லை. அதற்கடுத்துத்தான் அரிசியும் மாவும் இல்லாத காலம் வந்தது. தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றோம், அது முடிந்ததும் அதன் இலையைத் தின்றோம். உன் வீட்டுக்குப் பங்களாவில் சுட்ட ரொட்டி, பாண், வந்துகொண்டிருந்தது. என் பொஞ்சாதி சிவகாமி அப்போது பிள்ளைத்தாச்சி. பாக்கியம் ஒரு துண்டுப் பாணை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்கு வந்தாள். நீ வழியில் மறித்துப் பிடுங்கினாய். "அவனுக்குத்தான் கோவா அவிக்கத் தெரியுமே, அவிச்சுத் தின்னட்டும்" என்று நீ சொன்னது எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது. சிவகாமிக்கும் கேட்டது.

அந்தப் பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. ஒரு துண்டுப் பாண் அதைக் காப்பாற்றியிருக்குமா? தெரியாது. அதை உன் தலையில் போடவில்லை. ஆனால் அந்தப் பாணை நான் மறக்கவும் இல்லை.

அதற்கப்புறம் எவ்வளவோ காலம் ஒரே பாயில் உட்கார்ந்து கள் குடித்திருக்கிறோம், கல்யாணம் காடாத்து என்று ஒன்றாக அலைந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவை உன் முதுகில் தட்டும்போதும் கொஞ்சம் ஓங்கித்தான் தட்டினேன். கவனித்தாயா?

கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது வந்தேன். வார்ட்டில் நாம் இரண்டு பேர்தான் பேசிக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் உனக்குச் சிரிப்பு. நீயாகத்தான் ஆரம்பித்தாய். "மூடி போட்டா அதுக்குக் கோவம் வந்துரும்டா மச்சான். தண்ணியே வேணாம். ரெண்டாப் பொளந்து, வெட்டுன மொகத்த காஞ்ச சட்டியில கவுத்து வச்சிட்டு சும்மா நிக்கணும். ஒனக்குத்தான் சும்மா நிக்கவே தெரியாதே."

மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருமினாய், சிரித்தாய், மறுபடி இருமினாய். சரி, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினேன். நேரே காசிம் நானாவிடம் போய், நுவரெலியாவிலிருந்து குட்டிக் கோவா எடுப்பித்துத் தரச் சொல்லிவைத்தேன். நான் என்ன கொண்டுவர இருந்தேன் தெரியுமா? ஆப்பச்சோடா போட்டு, மூடி போட்டு, அம்மிக்குழவி வைத்து அவித்த குட்டிக் கோவா, டிபன் கேரியர் நிறைய. உன் வார்ட்டில் வைத்துத் திறக்க இருந்தேன். மறுநாள் விடியும்போது நீ போய்விட்டாய். நீ செத்ததற்கு எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி, தப்பித்துவிட்டாயே என்றுதான்.

ஆனால் நம்ம ஆட்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது மச்சான். செத்தவனையும் வருசத்துக்கு ஒரு தடவை சாப்பிடக் கூப்பிடுகிறோம்.

திவசத்துக்குச் சமைக்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பாக்கியத்துக்குச் சந்தோசம். எல்லாம் உனக்குப் பிடித்தது. கோழிக்கறி, கருவாடு, அரைப்போத்தல் சாராயம். பின்பக்கம் இரண்டு அடுப்பு மூட்டினேன். ஒன்றில் ஊருக்கு. குட்டிக் கோவாவை அடிக்காம்பை நறுக்கி, மேல் இலையைக் கழற்றி, இரண்டாகப் பிளந்து, ஈரம் போகத் துணியில் ஒற்றினேன். இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் வெட்டின முகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நின்றேன் மச்சான், கரண்டியால் தொடவே இல்லை. முகம் பலாக்கொட்டைத் தோல் நிறத்துக்கு வந்ததும் புரட்டி, பூண்டும் செத்தல் மிளகாயும் போட்டு, இடித்த மிளகும் மாசிக் கருவாட்டுத் தூளும் தூவி, இறக்கித் தேசிக்காய் பிழிந்தேன். இது உன் ரகசியம். மலர் எத்தனை வீட்டுக்குப் போகிறதோ அத்தனை வீட்டுக்கும் இனி இது தெரியும்.

மற்ற அடுப்பில் உனக்கு. விடிந்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தோம். உன் பங்கைக் கடைசியாக, மூடியோடு கொண்டுவந்து திறந்தேன். உன் மருமகள் குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள், வெளிக்கு இருந்துவிட்டதோ என்று. சாம்பிராணியைக் கூட்டிப் போட்டார்கள். இலையைக் கொண்டுபோய்ப் பின் மதில்மேல் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார்கள்.

காகம் வந்தது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. கோவாப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கோழிக்கறியைக்கூடத் தொடாமல் தென்னையில் போய் உட்கார்ந்துகொண்டது. காகம் வாய் வைக்காமல் யாரும் சாப்பிட முடியாதே. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. உனக்கு என்ன மனக்குறையோ என்று பெரிசுகள் பேச ஆரம்பித்தன. பாக்கியம் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, என்னா செஞ்ச?"

"ஒம் புருசன் எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே செஞ்சேன்" என்றேன். சோடா, மூடி, அம்மிக்குழவி, ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, எல்லாவற்றையும் சபையில் வைத்துச் சொன்னேன். இந்தத் தடவையும் நம்ப மாட்டாள் என்று எனக்குப் பயம்தான். இவளும் நம்பவில்லை என்றால் இனி யாரிடம் போய்ச் சொல்வேன்? அவள் நல்ல சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மதில்மேல் இருந்ததையும் போய்ப் பார்த்தாள்.

"இத பங்களாவுலருந்து கொண்டாந்து வீட்டுல ஆக்குவாரே, ஒரு நாளும் மூடி போட்டதில்லையே அண்ணே" என்றாள். "இத செஞ்சுப்புட்டுத்தான் அன்னைக்குப் பாணையும் புடுங்குனாரா?"

உள்ளே போய் உன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் உன் பொண்டாட்டி. இலையில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். பிறகு தென்னையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எறங்கி வாங்க. நீங்க குடுத்ததத்தான் குடுக்குறோம். தின்னுட்டுப் போங்க, புள்ளைங்க பசியா இருக்கு."

உயிரோடு இருந்த காலத்தில் அவள் சொல்லி ஒரு காரியமாவது கேட்டாயா? இப்போது இறங்கி வந்தாய். நேராகக் கோவாவில்தான் மூக்கை வைத்தாய். தொண்டையில் சிக்கிக் கழுத்தை உதறி உதறி விழுங்கினாயே மச்சான், அதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு காலம் சாகாமல் இருந்திருக்கிறேன் போல.

அப்புறம் எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. உன் பேரப்பிள்ளைகள் இப்போது உன் படத்தைக் காட்டித்தான் குசுக்கோவா என்று சொல்கிறார்கள். நான் தடுக்கவில்லை. சிவகாமி இருந்திருந்தால் தடுத்திருப்பாள், அவள் நல்லவள். பாக்கியம் அன்று சாயந்தரம் என் வீட்டுக்கு ஒரு முழுப் பாண் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிய்த்து இரண்டு பேரும் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றோம். சிவகாமி படத்துக்கு முன்னாலும் ஒரு துண்டு வைத்தோம்.

கணக்குத் தீர்ந்தது என்று நினைக்காதே. எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு திவசத்துக்கும் உன் இலையில் அது இருக்கும், மூடி போட்டு அவித்தது. நான் செத்தாலும் பாக்கியம் வைப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே வரும்போது நானும் வெறுங்கையோடு வர மாட்டேன். சட்டியோடு வருவேன். திறக்கும்போது நீ பக்கத்தில் இரு.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சின்னச்சாமி