ஏழ்கண் அணைக் கதவுகளைக் கைக்கட்டளைக்கு மாற்றும் நாள் குறித்த ஓலை

ஆறு வற்றாதிருக்க! கரை மீறாதிருக்க! விளக்கெரியும் வீடெல்லாம் நலம் பெறுக!

வெண்கழி நாடாண்டு, ஏழ்கண் அணையையும் இருகரைக் குடிகளையும் தன் குடைக்கீழ்க் காக்கும் அரசி பூங்குழை நாச்சியார் திருவுள்ளப்படி, ஓலைநாயகம் செங்காந்தி எழுதும் திருமுகம். கீழ்த்துறைத் தலைவர் மாறங்காரியார் கண்டு, ஊரார் கூடியிருக்க, பிள்ளைகளை மடியில் வைத்திருப்போருக்கும் கேட்கும்படி உரக்க வாசிப்பித்தருள்க. அச்சம் தரும் செய்திதான், செல்வங்களே. மறைத்துச் சொன்னால் நாளை அது இன்னும் பெரிய அச்சமாகும் என்பதால் உள்ளபடியே சொல்லப்படுகிறது.

சென்ற ஐப்பசிப் பெருமழையில் பட்டதை நீங்களே அறிவீர்கள். நண்பகலில் அணை வழியும் தறுவாயில், கதவுகளைத் தானே திறந்து தானே மூடும் கணிப்பொறி, திரையில் ஒரு சிறு வட்டத்தைச் சுழலவிட்டு, தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும் முடியும்வரை யாரும் தன்னை நிறுத்தலாகாதென்றும் அறிவித்து, இரண்டு நாழிகை வாளாவிருந்தது. கதவுகளோ ஆள் இழுத்து அசையாத எடை. மழை தானாக விட்டதால் உயிர்கள் பிழைத்தன, வேறெதனாலும் அல்ல.

ஆகவே, பதினோராண்டுக்கு முன்பிருந்த பழைய இயங்குதளத்துக்கே திரும்பலாமா என ஆராய அரசியார் அவை கூட்டினார். அது தானாக எதையும் செய்யாது. ஒவ்வொரு கதவுக்கும் கட்டளையை நாமே எழுதி இடவேண்டும். இட்டால் மறுகேள்வியின்றி அக்கணமே செய்துவிடும். அக்கட்டளைகளை முழுதும் அறிந்தவர் இன்று நாட்டில் ஒருவரே. அவர் பொறிகாப்பாளர் அல்லியங்கோதையார்.

அவர் அவையின் தூணைப் பற்றிக்கொண்டுதான் நின்றார். காரணம் உங்கள் ஊர் அறியும். பதினோராண்டுக்கு முன் ஒருநாள், அந்தப் பழைய தளத்தில் அவர் திரையில் இரண்டு சாளரங்கள் திறந்திருந்தன, ஒன்று மேல்மதகுக்கு, மற்றொன்று கீழ்மதகுக்கு. மேல்மதகின் சாளரத்தில் இருப்பதாகவே எண்ணி, திறக்கும் கட்டளையைக் கீழ்மதகுக்கு இட்டுவிட்டார். பொறி ஏனென்று கேட்காமல் திறக்க, நீர் துறைமேல் பாய்ந்தது. துறையில் பரிசல் கட்டிக்கொண்டிருந்த சடையன் வீடு திரும்பவில்லை. அந்தப் பிழையால்தான் தானியங்கும் தளமே நம் நாட்டுக்கு வந்தது. அன்றுமுதல், வீட்டில் எவரேனும் கதவைத் திற என்றாலும் அல்லியங்கோதையார் எந்தக் கதவென்று இருமுறை கேட்பார்.

அவையில் நிகழ்ந்த பேச்சு, பேசியபடியே எழுதப்படுகிறது. பொறிச்சாலை அதிகாரி ஒருவர் எழுந்து, “அம்மா, இப்ப உள்ளவங்களுக்குப் படத்தைத் தொடத்தான் தெரியும். எழுதிக் கட்டளை போடச் சொன்னா அணையையே அழிச்சிருவாங்க” என்றார்.

அதற்கு அல்லியங்கோதையார், “அவங்க அழிப்பாங்களோ என்னவோ தம்பி, நான் அழிச்சவ. என்னை விட்டுருங்க” என்றார்.

பின்னர், உங்கள் ஊரிலிருந்து அழைக்கப்பட்டிருந்த சடையன் மனைவி காத்தாயி எழுந்தார். சாபம் விழுமென்றே எல்லோரும் தலை கவிழ்ந்திருந்தோம். “போன வருசம் அணைமேல ஏறி நின்னு அந்தப் பொறிகிட்ட மூணு சாமி பேரைச் சொல்லிக் கத்தினேன். வட்டம் சுத்துச்சு, அவ்வளவுதான். அது யாரு, எங்க இருக்கு, யாரைப் பிடிச்சுத் திட்டுறது? இந்த மகராசியையாவது பதினோரு வருசமா பேர் சொல்லித் திட்டிக்கிட்டு வர்றேன். என் வாய்க்குப் பயந்தாவது பாத்துப் போடுவா” என்றார்.

அவை சிரித்தது; அல்லியங்கோதையார் சிரிக்கவில்லை. காத்தாயி தம் அருகே அமர்வதானால் பணியை ஏற்பதாகக் கூறினார். மேல்மதகின் சாளரத்துக்குச் சிவப்பும் கீழ்மதகின் சாளரத்துக்குக் கறுப்பும் நிறமாக அமையவேண்டும்; கட்டளைக்கு முன் ஒவ்வொரு முறையும் எந்தக் கதவென்று காத்தாயி கேட்கவேண்டும். சொன்ன விடையும் கண்ட நிறமும் ஒத்தபின்னரே விரல் இறங்கவேண்டும். அரசியார் இசைந்தார். திரும்புவதென்று முடிவாயிற்று.

இனி உங்களுக்கான ஆணை. வரும் வளர்பிறை ஐந்தாம் நாள், ஞாயிறு எழுந்தது முதல் உச்சிப்பொழுதுவரை பழைய தளம் ஏற்றப்படும். அவ்வளவு நேரமும் கதவுகள் மூடியபடியே நிற்கும். எவர் சொல்லுக்கும் அசையா. மேற்கு மலையில் இப்போதே மேகம் இறங்கியிருக்கிறது. நாளைத் தள்ளிப்போடவும் துணிவில்லை. இப்போதுள்ள பொறி மறுபடி எப்போது தன்னைப் புதுப்பிக்கத் தொடங்குமென்று அது யாருக்கும் சொல்வதில்லை.

ஆதலால், முதல்நாள் மாலைக்குள் துறையைக் கயிறுகட்டி மறிக்க. நடக்க முடியாதோரைத் தூக்கியும், மறுப்போரைக் கெஞ்சியும், குடிகள் அனைவரையும் கொடிமேட்டில் ஏற்றுக. விடியலில் ஒரு தலை குறையாமல் எண்ணியபின், அணைக்குத் தெரியும்படி வெள்ளைக்கொடி உயர்த்துக. அக்கொடியைக் காணாதவரை அல்லியங்கோதையார் விசைப்பலகையைத் தொடமாட்டார். ஆட்டுக்குட்டியை மறந்தேன், அடுப்பைப் பார்த்து வருகிறேன் என்று எவரும் கீழிறங்கலாகாது.

இஃது அரசியார் வாய்மொழி. மீன்கொத்தி முத்திரை மெழுகில் இடப்பட்டது. உச்சிப்பொழுதில் முதற்கதவு திறக்கும் ஓசை கேட்டால் வீடு திரும்புக. கேளாமல் பொழுது சாயுமானால், எங்களுக்கு ஆள் அனுப்பிக் காத்திராமல், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இன்னும் மேலே ஏறுக.