தேயிலைக் குழியில் நாற்பத்தொன்று

அன்பு மகள் புவனேஸுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா எழுதுவது. உன்னால் எனக்குப் பேர் வரும் என்று நான் முன்பே சொன்னபடி நடந்துவிட்டது, அதை எழுதுமுன் நலம் சொல்லிவிடுகிறேன். என் இடது முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நியூசிலாந்துக் குளிரில் உன்னை முருகன் பார்த்துக்கொள்வான், அவனும் நம்மைப்போல மலைக்காரன்தானே.

நான் எண்ணி அனுப்பிய மண்புழுக் கணக்கைப் பார்த்து உன் பேராசிரியர் மலைத்துப்போனார், காட்டைவிடத் தேயிலையில் புழு அதிகமா என்று நேரிலேயே தோண்டிப் பார்க்க உன்னையும் கூட்டிக்கொண்டு கேமரன் மலைக்கு வருகிறார், உன் பட்டமே இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதாதா? போனில் சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம். நீ சொன்னபடியே முழங்கை ஆழத்துக்கு நாலு குழி, கடுகுத்தூள் கரைத்த தண்ணீர், எரிச்சல் தாங்காமல் புழு தானாக மேலே வந்தது. நசுருதீன் கடையில் தூள் தீர்ந்துபோய் வீட்டுக் கடுகையும் இடித்துவிட்டேன். "ரசத்துக்குத் தாளிக்க ஒரு கடுகு இல்ல, இவரு புழுவக் குளிப்பாட்டுறாராம்லா" என்று உன் பெரியம்மா நவமணி லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். காட்டோரத்துக் கறுப்பு இலைமக்கில் முப்பத்திரண்டு, ஐந்து விதம், அதில் ஒன்று நீலமாக மின்னியது, என் கை நீளம். நீ நம்பமாட்டாய், பாதிக் கை என்றே போட்டுக்கொள். கியா பார்ம் கோசுத் தோட்டத்தில் கோழிச்சாண மண், பத்தொன்பது, எல்லாம் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்போலச் சின்னச் சிவப்பு. நம் குளியலறைக்குப் பின்னால் வாழையடியில் ஐம்பது, உன் பெரியம்மா கொட்டுகிற பழஞ்சோற்றில் கொழுத்துக் கிடந்தன, அந்த ருசி புழுவுக்குத்தான் தெரிகிறது. தேயிலைக் குழி வெட்டும்போது மானேஜர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி யாருக்குக் குழி என்றார். "ஒங்களுக்குத்தான் தொர, படுத்து அளவு பாத்துக்குங்க" என்றேன். "ஒண்ணுமில்ல தொரன்னு மம்பட்டிய முதுகுக்குப் பின்னால ஒளிச்சாரு" என்று உன் பெரியம்மா சொன்னால் நம்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது என் முட்டிக்கு ஒரு பட்டை வாங்கி வா. பட்டம் வாங்கி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். உன் பேராசிரியர் விமானம் ஏறுவதற்குமுன், தேயிலைக் குழிக்கு நேரே நான் போட்ட நாற்பத்தொன்றை அடித்துவிடு. இரண்டு வாளி ஊற்றிவிட்டு மத்தியானம்வரை குந்தியிருந்தேன் அம்மா, சுத்தக் கோசோங், ஒரு புழுகூட வரவில்லை. அந்த வரிசையில் இருபத்தாறு வருஷம் களைமருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அடித்தவன் நான். பூச்சியம் போடக் கை வரவில்லை. நீயே போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா கருப்பையா